விறகு, பொயிலர், கட்பேக், இமல்சன்: திருகோணமலை உள்வீதிக்கு எந்தத் தார்?

மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு கிலோமீற்றர் உள்வீதிக்கு மதிப்பீடு தயாராகும்போது சல்லியைப் பற்றியும் ரோலர் வாடகையைப் பற்றியும் நிறையப் பேச்சு நடக்கும். தாருக்கு ஒரே வரிதான்: இன்ன தரம், இத்தனை பீப்பாய். அதை எத்தனை பாகைக்குச் சூடாக்குவது, எவ்வளவு நேரம் அடுப்பில் வைப்பது என்பதெல்லாம் வேலைத்தலத்தில் நெருப்பு மூட்டுபவரின் பொறுப்பாகிவிடும். அந்த வீதி எத்தனை மாரி தாங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பதும் அதே அடுப்புத்தான்.

கைவசம் இருக்கும் வழிகள் நாலு: பீப்பாய்க்கு அடியில் விறகு வைத்துத் தாரை உருக்கி ஊற்றுவது, பர்னரும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் உள்ள பொயிலரில் சூடாக்கித் தெளிப்பது, மண்ணெண்ணெய் கலந்து இளக்கிய கட்பேக், தண்ணீரில் தாரை நுண்துளிகளாகக் கலந்த இமல்சன். வெப்பநிலையை அளந்து கட்டுப்படுத்த முடியாத இடத்தில் சூடான தாரை எடுக்கவே வேண்டாம், அங்கே இமல்சன்தான் என்பது எங்கள் முடிவு. காரணம் தாரின் இரசாயனத்திலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

சூடு தாருக்குள் என்ன செய்கிறது

மசகு (கச்சா) எண்ணெயிலிருந்து பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரிந்து போனபின் வெற்றிடக் கோபுரத்தின் அடியில் மிஞ்சும் பாரமான பகுதிதான் வீதித்தார். அதற்குள் நாலு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. நிரம்பிய எண்ணெய்கள் பொதுவாக 5 முதல் 20 சதவீதம். அரோமற்றிக் எண்ணெய்கள் 40 முதல் 65 சதவீதம். அஸ்பால்டீன் எனும், வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய பெரிய மூலக்கூறுகள் 5 முதல் 25 சதவீதம். மீதி பிசின்கள். அஸ்பால்டீன்தான் தாருக்கு இறுக்கம் கொடுப்பது. ஆனால் அது தனியே எண்ணெயில் நிற்காது, கட்டிபிடித்துப் பிரிந்துவிடும். பிசின்கள் அதைச் சூழ்ந்து நின்று அரோமற்றிக் எண்ணெயில் பரவலாக மிதக்க வைக்கின்றன. தார் ஒட்டுவதும் வளைந்து கொடுப்பதும் இந்தச் சமநிலை இருக்கும் வரைதான்.

120 பாகை வரை சூடாக்கினால் பெரும்பாலும் பிசுக்குமை (ஓடாமல் இழுபடும் தன்மை) மட்டும் குறையும். ஆறினால் பழைய நிலைக்கு வந்துவிடும். 150 பாகைக்கு மேல், அதுவும் காற்றுப் படும் இடத்தில், கதை வேறு. ஒரு பக்கம் இலேசான எண்ணெய்கள் ஆவியாகிப் போகின்றன. நீலப்புகை என்று பார்ப்பது அதைத்தான். மறு பக்கம் ஒட்சிசன் மூலக்கூறுகளைத் தாக்குகிறது. அரோமற்றிக் வளையத்தை ஒட்டியிருக்கும் காபனில் அது சேர்ந்து கீற்றோன் ஆகிறது. கந்தக இணைப்புகளில் சேர்ந்து சல்பொக்சைட்டு ஆகிறது. இந்தக் கூட்டங்களுக்கு முனைவுத்தன்மை அதிகம். அதனால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அரோமற்றிக்காக இருந்தது பிசினாகவும், பிசினாக இருந்தது அஸ்பால்டீனாகவும் மாறிக்கொண்டே போகும். மொத்த எடை அவ்வளவாகக் குறையாது. ஆனால் மிதக்க வைக்கும் எண்ணெய் குறைந்து, மிதக்கும் இறுகல் கூடிவிடும். ஆறவைத்தாலும் இது திரும்பாது.

இந்த ஒட்சியேற்றத்தின் வேகம், 100 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 160 இல் நடக்க வேண்டியது 190 இல் எட்டு மடங்கு வேகமாக நடக்கும். ஆய்வுகூடத்தில் தாரை 3 மில்லிமீற்றர் கனமுள்ள படலமாக விட்டு, 163 பாகை அடுப்பில் 5 மணிநேரம் வைத்து ஊசி இறங்கும் ஆழத்தை அளப்பார்கள். 60/70 தார் (25 பாகையில் ஊசி 6 முதல் 7 மில்லிமீற்றர் இறங்கும் தரம்) தன் முந்திய ஆழத்தில் 52 சதவீதத்தையாவது தக்கவைத்தால் தேர்ச்சி. அதாவது நல்ல தாரே, மெல்லிய படலமாக அந்த நிலையில் இருந்தால், ஊசி இறங்கும் ஆழத்தில் கிட்டத்தட்டப் பாதியை இழக்கும் அளவுக்கு இறுகிவிடலாம்.

350 பாகைக்கு மேல் காற்று இல்லாமலே மூலக்கூறு உடையத் தொடங்கும். காபன்-காபன் பிணைப்பு அறுந்து, அஸ்பால்டீனின் பக்கச் சங்கிலிகள் வாயுவாகவும் இலேசான எண்ணெயாகவும் கழன்றுவிடும். மிஞ்சும் மொட்டை வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கோக் எனும் கரியாகிவிடும். சுத்திகரிப்பு நிலையங்களின் விஸ்பிரேக்கர் அலகில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். மூடிய குழாயில், 430 முதல் 490 பாகை வரை, சில நிமிடம் மட்டும். அங்கே இலக்கு பாரமான எச்சத்தை இளக்கி உலை எண்ணெய் ஆக்குவது. வீதித்தாருக்கு அது கேடு.

விறகு

பீப்பாயின் அடித்தகடு இந்த 350 பாகையை எட்டுமா என்று கேட்கலாம். சுள்ளென்று எரியும் விறகின் மேல் எளிதாக எட்டும். தார் வெப்பத்தை மோசமாகக் கடத்தும். உருகாத தாரில் சுழற்சியும் இல்லை. ஆகவே தகட்டை ஒட்டிய விரற்கடை அளவு தார் முழுச் சூட்டையும் வாங்கும்போது, மேலே உள்ளது இன்னும் கல்லாகக் கிடக்கும். அடியில் ஒரு மெல்லிய கரிப்படை உண்டாகும். அந்தப் படை சூட்டைத் தாருக்குள் விடாது. தகடு மேலும் பழுக்கும். படை மேலும் தடிக்கும். தாரை வடிக்கும்போது ஒரு மில்லிமீற்றர் கம்பிவலையில் கருமணல்போல் தங்குவது இந்தக் கரிதான். தெளிக்கும் நொசிலை அடைப்பதும் அதுவே. ஆய்வுகூடத்தில் கரைதிறன் சோதனையில் 99 சதவீதம் கரைய வேண்டிய தார் அந்த அளவை எட்டாமல் போவதற்கும் இதுவே வழக்கமான காரணம்.

வேலையாட்களுக்கு இருக்கும் ஆபத்து இன்னொரு பக்கம். மழையில் திறந்து கிடந்த பீப்பாயில் தண்ணீர் இருந்தால், ஒரு லீற்றர் தண்ணீர் 1,700 லீற்றர் நீராவியாகும். மேலே இறுகிய மூடி, கீழே ஆவி என்ற நிலையில் சூடான தார் கக்கிவிடும். விறகைத் தவிர்க்கவே முடியாது என்றால் பீப்பாயைச் சாய்த்துக் கிடத்தி, வாயை மேல்நோக்கித் திறந்து, பக்கவாட்டில் மெல்லிய நெருப்பு வைக்க வேண்டும். 100 இலிருந்து 120 பாகை வரை நிதானமாக ஏற்றி, நுரை அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். நீளத் தண்டுள்ள டயல் வெப்பமானியை நடுத்தாரில் பிடிக்க வேண்டும், அடியில் முட்டக்கூடாது. கைத்துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு மானி மேற்படலத்தின் சூட்டை மட்டும்தான் காட்டும். அது 140 என்று சொல்லும்போது அடி 300 ஆக இருக்கலாம்.

இரண்டு வழக்கங்கள் இதைவிடக் கெடுதலானவை. ஒன்று, மிஞ்சிய தாரை இரவு ஆறவிட்டு மறுநாள் மறுபடி காய்ச்சுவது. ஒவ்வொரு தடவையும் புதுப் பரப்பு காற்றில் படும், இறுக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். இரண்டு, இறுகிப்போன தாரை இளக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது. மண்ணெண்ணெயின் ஆவி 40 பாகையளவிலேயே தீப்பற்றும். 160 பாகைத் தாரில் ஊற்றுவது தீ விபத்துக்கு அழைப்பு. அதைத் தாண்டியும், கூடுதலாக ஒட்சியேறிய தாரில் அஸ்பால்டீன் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. பெரும்பாலும் நிரம்பிய எண்ணெயான மண்ணெண்ணெய் அதைத் தாங்கிப் பிடிக்காது, படியவே விடும். கைக்கு இளகியதுபோல் இருக்கும், மண்ணெண்ணெய் பறந்ததும் ஒட்டுத்தன்மை இல்லாத கறுப்பு மண் மிஞ்சும்.

நமக்குக் குளிர்காலம் இல்லையே, தார் கொஞ்சம் இறுகினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இறுகிய தார் இங்கே குளிரில் வெடிப்பதில்லை. மணல் ஏற்றிய டிப்பர் போகும்போது கிரவல் அடித்தளம் சற்று வளைகிறது, மேல்தார் வளைந்து கொடுக்காமல் விடுகிறது. முதலில் ஓரச் சல்லி கழன்று வாய்க்காலில் சேரும். பிறகு சக்கரத்தடத்தில் மெல்லிய கீறல். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் கீறல் வழியே கிரவலுக்குள் இறங்கினால் மார்கழியில் குழி.

எரிபொருளும் சிக்கனம் இல்லை. ஒரு தொன் தாரை 30 பாகையிலிருந்து 160 க்கு ஏற்ற 260 மெகாயூல் போதும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாயூல் தரும் என்றாலும், திறந்த அடுப்பில் பத்திலொரு பங்குதான் தாரில் சேருகிறது என்று வைத்தால் தொன்னுக்கு 170 கிலோ விறகு வேண்டும்.

பொயிலர்

தாரை முறையாகச் சூடாக்கினால் அதைவிட நல்ல ஒட்டுப்பொருள் இல்லை. தண்ணீர் இல்லை, கரைப்பான் இல்லை, ஆறியதும் வேலை முடிந்தது. 80/100 தாரை (60/70 ஐவிட இளகிய தரம்) தெளிக்க 150 முதல் 170 பாகை, 60/70 தாரைக் கலவைக்கு 150 முதல் 165 பாகை. 175 ஐத் தாண்ட விடக்கூடாது. தாரின் ஆவி தீப்பற்றும் அளவு 232 பாகைக்கு மேல் என்று தரக்குறிப்பு சொன்னாலும் அதை எல்லையாக எடுக்கக் கூடாது. தார் கெடுவது அதற்கு வெகு முன்னாலேயே.

பொயிலரை வாடகைக்கு எடுக்கும்போது முதலில் நெருப்புக் குழாயைப் பாருங்கள். அதன் மேல் குறைந்தது 150 மில்லிமீற்றர் தார் எப்போதும் நிற்க வேண்டும். தார் இறங்கிக் குழாய் வெளியே தெரிந்துவிட்டால், பழுத்த உலோகத்தில் ஆவி பட்டுத் தீப்பிடிக்கும். மட்டக்கோல் உடைந்த பொயிலரை எந்த வாடகைக்கும் எடுக்காதீர்கள். அடுத்தது சுற்றோட்டப் பம்ப். தார் திரும்பி வரும் குழாய், நிற்கும் தாரின் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். மேலிருந்து அருவியாய் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் காற்றோடு கலந்து, மேலே சொன்ன ஒட்சியேற்றம் பம்ப் ஓடும் நேரமெல்லாம் நடக்கும். மழைக்காக வேலை நிற்கும் நாட்களில் 160 இல் வைத்திருக்காமல் 100 க்குக் கீழே இறக்கிவிட்டு, மறுபடி தொடங்கும் நாளில் பர்னரைச் சிறிதாக வைத்து நிதானமாக ஏற்றுங்கள்.

மூடியைத் திறக்கும்போது முகத்தை அதன் மேல் கொண்டுபோகாதீர்கள். கந்தகம் கூடிய தார் சூடாகும்போது ஐதரசன் சல்பைட்டு வரும். மூடிய தாங்கியின் மேல்வெளியில் அது ஆளை மயக்கி விழுத்தும் அளவுக்குச் சேரலாம். கெட்ட முட்டை மணம் நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று எண்ணக்கூடாது. செறிவு கூடினால் மூக்கு அந்த மணத்தை உணர்வதை நிறுத்திவிடும்.

பொயிலரின் குறை, அது பெரிய வேலைக்குத்தான் கட்டுப்படியாகும் என்பது. அரைக் கிலோமீற்றருக்கு கிண்ணியாவிலிருந்து வெருகல் வரை அதை இழுத்துப் போவதில் அர்த்தமில்லை.

கட்பேக்

எம்சி 30 (மிதமான வேகத்தில் உலரும் வகை) போன்ற கட்பேக்கில் மண்ணெண்ணெய் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சூடு அதிகம் தேவையில்லாததால் தாரின் மூலக்கூறுகளுக்குச் சேதம் குறைவு. ஆனால் மண்ணெண்ணெய் முழுவதும் காற்றில் போக வேண்டும். 3 மீற்றர் அகலம், ஒரு கிலோமீற்றர் நீளம், சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்று தெளித்தால் 3,000 லீற்றர். அதில் 1,200 லீற்றருக்கு மேல் மண்ணெண்ணெய், எவருக்கும் பயன்படாமல் ஆவியாகப் போகிறது. அது பறந்து முடியாமல் மேலே அடுத்த படை போட்டால், உள்ளே அகப்பட்ட மண்ணெண்ணெய் மேல்தாரை இளக்கி வெயிலில் கசிய வைக்கும்.

ஆனாலும் ஓரிடத்தில் கட்பேக்குக்கு மாற்று சுலபமாக இல்லை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நன்றாக இறுக்கிய கிரவல் அடித்தளத்துக்கு பிறைம் கோட் (அடித்தளத்துக்குள் இறங்கிப் பிடிக்கும் முதற் பூச்சு) போடும்போது எம்சி 30 சில மில்லிமீற்றர் உள்ளே இறங்கிப் பிடிக்கும். இமல்சனின் துளிகள் அந்த நெருக்கமான மண்ணின் வாயிலேயே வடிபட்டு மேலே தோலாக நிற்கும். லொறிச் சக்கரம் அதை அப்படியே உரித்தெடுக்கும். இமல்சனால்தான் பிறைம் செய்ய வேண்டும் என்றால், தாரும் தண்ணீரும் மெதுவாகப் பிரியும் வகையைத் தண்ணீரால் நீர்த்து, கிரவலை முதலில் ஈரமாக்கி, இரண்டு மெல்லிய தடவைகளாக விட வேண்டும். தெளித்து ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், வாகனம் விடாமல் வைத்திருங்கள். திறந்த நெருப்பு, பீடி, வெல்டிங் எதுவும் அருகில் கூடாது.

இமல்சன்

தொழிற்சாலையில் தாரை 130, 140 பாகையில் உருக்கி, அமிலமும் அமீன் வகைச் சவர்க்காரமும் கலந்த வெந்நீரோடு ஆலையில் அரைக்கிறார்கள். தார் அதிக சூட்டைக் காண்பது அந்தக் குறுகிய நேரத்துக்குத்தான், அதுவும் காற்றுப் படாமல். உங்கள் வேலைத்தலத்துக்கு வந்து சேரும்போது அந்தத் தாரின் அரோமற்றிக் எண்ணெய்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. இதுதான் இமல்சனின் முதன்மையான இலாபம், நாங்கள் அதிகம் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். துளிகளில் நேர்மின்னேற்றம் இருப்பதால் நம் கருங்கல்லின் எதிர்மின் பரப்பில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஒட்டும். சல்லி சற்று ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. சூடான தாருக்கு ஈரச் சல்லி ஆகவே ஆகாது.

நேர்மின்னேற்றமுள்ள, விரைவாகப் பிரியும் இமல்சனுக்கு சிஆர்எஸ் என்று பெயர். சிஆர்எஸ் 1 இல் தார் குறைந்தது 60 சதவீதம், சிஆர்எஸ் 2 இல் 65. முதலாவது டக் கோட்டுக்கு, அதாவது புதிய படை ஒட்டுவதற்காக விடும் மெல்லிய பூச்சுக்கு; பழைய தார்ப் பரப்பில் சதுர மீற்றருக்கு 0.2 முதல் 0.5 லீற்றர், இங்குள்ள வெயிலில் சூடாக்காமலே தெளிக்கலாம். இரண்டாவது சல்லி பதிக்கும் மேல்படைக்கு. அது தடிப்பானது, 50 முதல் 80 பாகைக்குச் சூடாக்கித் தெளிக்க வேண்டும். 85 ஐத் தாண்டாதீர்கள். இமல்சன் பீப்பாய்க்கு அடியில் விறகு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அடியில் தண்ணீர் கொதித்து, துளிகள் கூடி, ஒரு பக்கம் தார்க்கட்டியும் மறுபக்கம் பழுப்புத் தண்ணீருமாகப் பிரிந்துவிடும். அதை மறுபடி சேர்க்க வழியே கிடையாது. வெந்நீர்த் தொட்டியில் பீப்பாயை நிறுத்துவது பாதுகாப்பானது.

இனி அளவு. சல்லியைப் பிடிக்கச் சதுர மீற்றருக்கு 1.1 லீற்றர் தார் வேண்டும் என்று வைப்போம். 3,000 சதுர மீற்றருக்கு 3,300 லீற்றர், ஏறத்தாழ 3,400 கிலோ, 160 கிலோப் பீப்பாயில் 21 அல்லது 22. அதே தாரை சிஆர்எஸ் 2 ஆக வாங்கினால் 5,200 கிலோவுக்கு மேல், 200 லீற்றர்ப் பீப்பாய் 26. கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு இமல்சன் விலை கூட அல்லது குறைவு என்று முடிவெடுக்கக்கூடாது. இமல்சன் விலையை 0.65 ஆல் வகுத்து எடுங்கள். தார் விலையோடு விறகு, காய்ச்சும் கூலி, பீப்பாயில் ஒட்டி வீணாவது, கரியானது எல்லாவற்றையும் கூட்டுங்கள். சதுர மீற்றருக்கு 1.7 லீற்றர் இமல்சனை ஒரே தடவையில் ஊற்றினால் வீதியின் சரிவில் ஓடி ஓரத்தில் தேங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு தடவையாகப் பிரித்து, இடையில் சல்லி தூவிப் போடுவதே நல்லது.

இமல்சன் தோற்கும் இடங்களும் உண்டு. ஆனி, ஆடிக் கச்சான் காற்றில், நண்பகல் வீதி 60 பாகை கொதிக்கும்போது தெளித்தால், மேற்பரப்பு சட்டென்று கறுத்துத் தோல்கட்டும்; அடியில் தண்ணீர் சிறைப்படும். சல்லி அந்தத் தோலில் உட்காரும், தாரில் இறங்காது. அந்த மாதங்களில் காலை பத்து மணிக்குள் தெளித்து முடித்துவிடுங்கள். பழுப்பு நிறம் மாறுவதற்குள் சல்லி விழுந்திருக்க வேண்டும். நிலாவெளிப் பக்கம் காற்று வீதியில் கொண்டுவந்து சேர்க்கும் மணலைத் தெளிப்பதற்கு முன் பெருக்கியே ஆக வேண்டும். துளிகள் மணலைப் பூசுவதிலேயே செலவாகிவிடும். மழையைச் சொல்லவே வேண்டாம்: பிரியாத இமல்சன் முழுவதும் வாய்க்காலுக்குப் போய்விடும். ஐப்பசி முதல் தை வரை மேல்படை வேலையையே எடுக்காமல், குழி அடைப்பதோடு நிறுத்துவது நல்லது.

எந்த வீதிக்கு எது

நகருக்குள் காபெட் (சூடான தார்க்கலவைப் படை) போடும் வீதிகளில் தெரிவுக்கு இடமில்லை. பிளான்டில் கலந்து வரும் 60/70 கலவைதான். உங்கள் வேலை, லொறி வந்து சேரும்போது வெப்பமானியைக் குத்தி 135 பாகைக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்புவதும், 175 க்கு மேல் நீலப்புகையோடு வந்தால் அதையும் திருப்பி அனுப்புவதும். இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், சூடாக வந்தது நல்லது என்று எண்ணி.

பிரதேச சபை உள்வீதியில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் மேல்படைக்கு சிஆர்எஸ் 2. ஐந்து கிலோமீற்றருக்கு மேல் ஒரே தொடர் வேலையாக இருந்து, நல்ல பொயிலரும் தெளிக்கும் பவுசரும் கிடைத்தால் 80/100 சூடாக. புதிய கிரவலுக்கு எம்சி 30, மற்ற எங்கும் கட்பேக் வேண்டாம். குழி அடைக்க சிஆர்எஸ் 1 ஒரு பீப்பாயும் சிறு சல்லியும் போதும். விறகடுப்பை ஒப்பந்த நிபந்தனையிலேயே நீக்கிவிடுங்கள். நீக்க முடியாவிட்டால் நடுத்தாரின் சூட்டை அரை மணிக்கொரு தடவை எழுதிக் கையொப்பமிடும் தாளும், ஒரு தடவை காய்ச்சிய தாரை மறுபடி காய்ச்சக்கூடாது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இமல்சன் வந்து இறங்கியதும் பீப்பாய்களை உருட்டிக் கலக்கி, ஒன்றைத் திறந்து கம்பிவலையில் வடித்துப் பாருங்கள். கட்டி தங்கினால் அந்த வரவை ஏற்க வேண்டாம். நேர்மின் இமல்சன் இருந்த பவுசரில் எதிர்மின் வகையை ஊற்றினால் தாங்கிக்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால், பவுசர் கடைசியாக எதை ஏற்றியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சூடான தாராக இருந்தால் பொயிலருக்குள் போகும் முன் ஒரு லீற்றரும், தெளிக்கும் குழாயிலிருந்து ஒரு லீற்றரும் தகர டின்னில் எடுத்து, திகதியும் வெப்பநிலையும் எழுதி மூடி வையுங்கள். பின்னால் சல்லி கழன்றால், இரண்டிலும் ஊசி இறங்கும் ஆழத்தை ஒப்பிட்டு, தார் வரும்போதே கெட்டிருந்ததா அடுப்பில் கெட்டதா என்று ஆய்வுகூடம் சொல்லிவிடும்.